நொண்டல் நின்ற பிறகுதான் வேலை ஆரம்பம்

குதிரை வளர்ப்பவர்களிடம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ரெண்டு நாள் நொண்டுச்சு, இப்ப சரியாயிருச்சு." கல் குத்தியதோ, லாட ஆணி உறுத்தியதோ என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். டெண்டன், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கற்றை, அடிபட்டிருந்தால் மட்டும் அதை நம்பிச் சேணம் போடக்கூடாது. அப்படிப் போட்டுத்தான் பல நல்ல குதிரைகளின் ஓட்டம் பாதியில் முடிந்திருக்கிறது.

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிற வழியில் சின்னதாக ஒரு குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறேன். கிண்டியிலும் ஊட்டியிலும் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகள், அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மார்வாரி இனக் கலப்புகள் என்று லாயத்தில் எப்போதும் சில இருக்கும். நான் டாக்டர் இல்லை. டாக்டர் வருவதற்கு முன்னும், வந்துவிட்டுப் போன பிறகு மாதக்கணக்காகவும், குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அந்த இடத்திலிருந்து கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கால் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். குதிரையின் முன்காலில் முட்டிக்குக் கீழே இயக்குகிற தசை என்று ஒன்றும் கிடையாது. எலும்பு, அதன் பின்னால் டெண்டன்களும், எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார்களான லிகமென்ட்களும், மேலே தோல். அவ்வளவுதான். பின்புறத் தோலுக்கு நேர் அடியில் இருப்பது மேல் டெண்டன். அதை ஒட்டி உள்ளே ஆழ டெண்டன். இன்னும் உள்ளே, எலும்போடு ஒட்டினாற்போல இறங்குவது சஸ்பென்சரி லிகமென்ட். அது கீழே வந்ததும் இரண்டாகப் பிரிந்து குளம்புக்கு மேல் உள்ள மூட்டை, அதாவது கணுவை, இருபுறமும் தாங்குகிறது. குதிரை கேலப்பில், அதாவது முழு வேக ஓட்டத்தில், போகும்போது மேல் டெண்டன் ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டுச் சுருங்குகிறது. ஐந்நூறு கிலோ உடம்பை ஒரு கணம் ஒற்றைக் காலில் தாங்குகிறபோது, அறுந்துபோகிற எல்லைக்குப் பக்கத்திலேயே போய்வருகிறது. வேக ஓட்டத்தில் அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சூடும் இழுவையும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக நார்களைத் தேய்க்கின்றன. ஒருநாள் கிழியும்போது, அன்று வைத்த காலடியைக் குற்றம் சொல்கிறோம்.

செவலை என்று நாங்கள் கூப்பிடும் பெண் குதிரை பந்தயத்திலிருந்து வந்தது. மழைக்குப் பிறகு ஈரம் காயாத தரையில் ஓடிய மறுநாள் காலையில் இடது முன்காலைச் சற்றுத் தூக்கி வைத்தது. லாயத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் பெரிய பெரிய லாயங்களில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக, வேலை பார்த்தவர். காலைத் தடவியவர், "அம்மிணி, குளம்புல இல்லீங்க, மேல இருக்குது" என்றார். முட்டிக்கும் கணுவுக்கும் நடுவில், பின்பக்கம், விரல் பட்டால் தெரிகிற அளவு வெதுவெதுப்பு. வீக்கம் என்று சொல்ல முடியாத ஒரு தடிப்பு. மூன்றாம் நாள் நடையில் ஒன்றும் தெரியவில்லை. டிராட்டில், அதாவது மெதுவான ஓட்டத்தில்கூடத் தலையசைவு இல்லை. வகுப்புக்கு வருகிற பெற்றோர் ஒருவர், குதிரை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் கட்டிப்போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அந்தத் தடிப்பைக் கண்டுபிடித்தது தினசரிப் பழக்கம்தான். விடிந்ததும், வெயில் லாயத்துக்குள் வருவதற்கு முன், நான்கு கால்களையும் புறங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்ப்போம். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் எல்லாக் காலும் சூடாகத்தான் இருக்கும். அப்புறம் காலை மடக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேல் டெண்டனைத் தனியாகப் பிடித்து, முட்டிக்குக் கீழிருந்து விரல் விரலாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். கால் ஊன்றி நிற்கும்போது எல்லாம் விறைத்து ஒன்றாகத் தெரியும்; தூக்கினால்தான் மேல் டெண்டன், ஆழ டெண்டன், சஸ்பென்சரி மூன்றும் தனித்தனியாகக் கைக்குப் பிடிபடும். குதிரை எந்த இடத்தில் காலை வெடுக்கென்று இழுக்கிறதோ, அதே இடத்தை மற்றக் காலிலும் அழுத்திப் பாருங்கள். சில குதிரைகளுக்குக் கூச்சம் அதிகம், இரண்டு காலையும் இழுக்கும். ஒன்றை மட்டும் இழுத்தால் யோசிக்க வேண்டும்.

டெண்டன் என்று முடிவுகட்டும் முன் குளம்பைப் பார்த்தே ஆக வேண்டும். நொண்டலுக்குப் பெரும்பாலும் குளம்புதான் காரணம்; உள்ளே சீழ் கட்டியிருந்தால் குதிரை காலையே ஊன்றாது, பார்ப்பவர்கள் எலும்பு முறிந்துவிட்டது என்று நினைப்பார்கள். கணுவுக்குப் பின்னால் இரு ஓரமும் விரல் வைத்தால் நாடி தெரியும். ஆரோக்கியமான குதிரைக்கு அது லேசாக, தேடினால்தான் கிடைக்கும். குளம்பில் பிரச்சினை என்றால் பளிச்சென்று துடிக்கும். லாடம் அடிப்பவரிடம் உள்ள இடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தால் வலிக்கிற இடம் தெரிந்துவிடும். செவலைக்கு இதெல்லாம் சுத்தமாக இருந்தது.

ஓடவிட்டுப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் நேர்கோட்டில் டிராட்டில் ஓட்டிப்போய்த் திரும்பி வர வேண்டும். இழுத்துப் பிடித்தால் தலையசைவு மறைந்துவிடும். முன்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பைக் கவனிக்க வேண்டும். வலிக்கிற பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள், டாக்டருக்கும் அனுப்பலாம். கெட்டித் தரையில் ஒருமுறை, மெத்தென்ற தரையில் ஒருமுறை, இரு பக்கமும் வட்டத்தில் ஒருமுறை. எலும்பு, மூட்டு, குளம்பு வலி பெரும்பாலும் கெட்டித் தரையில் கூடும். டெண்டன், லிகமென்ட் வலி மெத்தென்ற தரையில் கூடும். நொண்டலுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் அமெரிக்க முறை ஒன்றை எங்கள் டாக்டர் பயன்படுத்துகிறார். 0 என்றால் நொண்டல் இல்லை, 5 என்றால் கால் ஊன்றவே முடியவில்லை. அன்று செவலைக்கு அவர் போட்டது 0. அப்படியிருந்தும் ஸ்கேன் வேண்டும் என்றார்.

ஸ்கேனைக் காயம்பட்ட அன்றே எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம் இருக்கும். முதல் சில நாட்களில் கிழிசல் இன்னும் பெரிதாகிக்கொண்டிருக்கலாம் என்பதால், ஒரு வாரம் கழித்து எடுப்பதுதான் காயத்தின் உண்மையான அளவைக் காட்டும் என்பது டாக்டரின் வாதம். அதற்குள் முதலுதவி எல்லாம் நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் பலரிடம் மாட்டுக்குச் சினை பார்க்கிற ஸ்கேன் கருவி இருக்கிறது. அதன் நீள புரோபை (உடலில் வைத்துப் பார்க்கும் முனையை) வைத்தே டெண்டனைப் பார்த்துவிடலாம். தோலுக்கு மிக அருகில் இருப்பது மங்கலாகத் தெரியும் என்பதால் செவலைக்கு டாக்டர் ஜெல் நிரப்பிய கையுறையை இடையில் வைத்துப் பார்த்தார். பிறகு 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள புரோபில் பார்த்தபோது படம் இன்னும் துல்லியமாக வந்தது. காலின் பின்புற முடியை மழித்து, முட்டிக்குப் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து அளவுநாடா வைத்து, எத்தனை சென்டிமீட்டர் கீழே எடுத்த படம் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொண்டார். அடுத்த முறை அதே இடத்தைப் பார்க்காவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. நல்ல காலையும் எடுத்தார். மேல் டெண்டன் பல குதிரைகளுக்கு இரண்டு முன்கால்களிலும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

நல்ல டெண்டன் ஸ்கேனில் ஒரே சீரான வெண்மையாகத் தெரியும். செவலையின் இடது காலில், டெண்டனின் நட்டநடுவில் கறுப்பாக ஓர் ஓட்டை. எங்கள் பக்கம் தேங்காய் நார்க் கயிறு திரிப்பார்கள். வெளிப்புரி முழுசாக இருக்க, உள்ளே நார் அறுந்துபோன கயிற்றைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பாரம் ஏற்றினால்தான் தெரியும். இங்கும் வெளிநார்கள் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் நடையில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் எடுக்காமல் ஒரு கேலப் விட்டிருந்தால் பின்புறம் வில்லாக வளைந்து புடைத்திருக்கும்.

முதல் நாட்களுக்கு வருகிறேன். கொட்டடியை விட்டு வெளியே வரக்கூடாது. ஒருநாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிடம் வரை குளிர் கொடுக்க வேண்டும். ஹோஸ் பிடித்தால் போதும் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். நம் ஊரில் மத்தியானம் மேல்தொட்டித் தண்ணீரைத் திறந்தால் வெந்நீர்தான் வரும்! ஐஸ் கம்பெனியில் உடைத்த ஐஸ் வாங்கி, தண்ணீர் கலந்து பையில் போட்டு, துணி வைத்துச் சுற்றினோம். அப்புறம் கட்டு. அடியில் தடிமனாகப் பஞ்சு, மேலே ஒரே சீரான அழுத்தத்தில் துணி, இரண்டு முன்கால்களுக்கும். நல்ல காலும் இப்போது கூடுதல் பாரம் தாங்குகிறது. பஞ்சு இல்லாமல் இறுக்கிக் கட்டினால் கட்டே டெண்டனைக் கெடுத்துவிடும். தினமும் அவிழ்த்துப் பார்த்துக் கட்டுங்கள்.

புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துச் சுடச்சுடப் பற்றுப் போடச் சொல்லி வீட்டுக்கு வீடு யோசனை வரும். முதல் வாரத்தில் எந்தச் சூடும் வேண்டாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இழுத்துச் சூடு போடுவது, தோலைப் பொத்துப்போகச் செய்கிற மருந்தைத் தேய்ப்பது எல்லாம் இன்றும் நடக்கிறது. டெண்டனுக்குச் சூடு வைப்பதை இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் முறையாக ஆராய்ந்து, அதனால் பலன் இல்லை என்று 1983-ல் வெளியிட்டார்கள். சூடு வைத்த குதிரைகள் சில தேறியதற்குக் காரணம், அந்தப் புண் ஆறும்வரை யாரும் அவற்றின் மேல் ஏறவில்லை என்பதுதான் என் எண்ணம்.

வலி மருந்து டாக்டர் கையில் மட்டும் இருக்கட்டும். குதிரைகளுக்குப் பெரும்பாலும் கொடுப்பது ஃபினைல்பியூட்டசோன், இல்லையென்றால் ஃப்ளூனிக்சின். முதலில் சொன்னதை ஊசியாகப் போட்டால் ரத்தக் குழாயில் மட்டும்தான் போட வேண்டும், சதையில் இறங்கினால் அந்த இடமே அழுகிவிடும். இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. டெண்டனுக்குள் ஸ்டீராய்டு போடச் சம்மதிக்காதீர்கள், வீக்கம் மாயமாக மறையும், ஆறுவது தடைபடும். மாட்டுக்கு வாங்கி வைத்த பழைய டைக்ளோஃபெனாக் பாட்டிலை எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கால்நடைகளுக்கு அது 2006 முதல் தடை. கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் 2023-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மருந்து ஏறிய உடலைத் தின்றால் பாறு கழுகுகளின் சிறுநீரகம் செயலிழக்கும். தமிழ்நாட்டில் அந்தக் கழுகுகளில் மிஞ்சியவை பெரும்பாலும் நமக்குப் பக்கத்திலேயே மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன.

குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே கிழிசலுக்குள் செலுத்தும் பிஆர்பி முறை உண்டு. எலும்பு மச்சையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துச் செலுத்துவதும் உண்டு. செலவு செய்ய முடிந்தால், ஆரம்ப வாரங்களிலேயே டாக்டரிடம் கேளுங்கள். செவலைக்கு நாங்கள் செய்யவில்லை. எதைச் செலுத்தினாலும் அடுத்த ஓராண்டு நடை அட்டவணையிலிருந்து தப்பிக்க வழியில்லை என்று டாக்டர் சொன்னார், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த அட்டவணைதான் உண்மையான வைத்தியம். கிழிந்த இடத்தில் முதலில் உருவாகும் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக, வலுவில்லாமல் இருக்கும். அவற்றை நேராக அடுக்குவது அளவான இழுவை மட்டுமே. அசையாமல் கட்டிப்போட்டால் அலங்கோலமான தழும்பாக நின்றுவிடும். அதிகமாக ஓடவிட்டால் மறுபடி கிழியும். வீக்கமும் சூடும் அடங்கியதும், கையில் பிடித்துக்கொண்டு கெட்டியான சமதரையில் 5 முதல் 10 நிமிட நடை. பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்ட வேண்டும். மூன்று மாதத்தில் மறு ஸ்கேன். நார் நேராக வருகிறது, கறுப்பு குறைந்திருக்கிறது, டெண்டன் பருக்கவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக டிராட். ஆறு மாதத்துக்குப் பிறகு ஸ்கேன் சம்மதித்தால் கேன்டர், அதாவது டிராட்டுக்கும் கேலப்புக்கும் இடைப்பட்ட ஓட்டம். வேக ஓட்டம் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகுதான், சில குதிரைகளுக்கு இன்னும் தாமதம். ஒவ்வொரு படி ஏறும் முன்னும் ஸ்கேன். படி ஏறிய மறுநாள் காலையில் காலைத் தொட்டுச் சூடு இருந்தால், முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

மணல் மெத்தென்று இருக்கிறதே என்று ஆழமான மணலில் நடத்துகிறார்கள். கால் புதைவதால் டெண்டனுக்கு அங்கே இழுவை கூடத்தான் செய்யும். அதைவிட மோசம், பாவம் கட்டியே கிடக்கிறது என்று இரக்கப்பட்டு வயலில் அவிழ்த்துவிடுவது. ஒரு துள்ளல், ஒரு வெட்டித் திருப்பம், மூன்று மாத வேலை போச்சு. செவலை தனியாக நின்று கொட்டடிக் கதவை உதைக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் ஓர் ஆட்டைக் கட்டினோம், உதை நின்றது. தீவனத்திலும் கைவைக்க வேண்டும். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொல்கிறது. ஆனால் வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்குக் கொள்ளும் ஓட்ஸும் முழு அளவில் போட்டால் அது கொட்டடியிலேயே குதிக்கும், வயிற்று வலியும் வரும். தானியத்தைக் குறைத்து, காய்ந்த புல்லை நாள் முழுக்கக் கொறிக்கக் கொடுத்தோம். லாடம் அடிப்பவரை ஆறு வாரத்துக்குள் ஒருமுறை வரவைத்தோம். முன்நுனி நீண்டு குதிங்கால் தாழ்ந்த குளம்பு பின்புற டெண்டன்களை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

சஸ்பென்சரி வேறு ரகம். கல்யாணங்களில் ஆடவிட்டுப் பழக்கியிருந்த ஒரு மார்வாரிக் கலப்பு எங்களிடம் வந்தது. பின்கால் நேராக, குறைவான மடக்கோடு இருந்தது. சூடு இல்லை, வீக்கம் இல்லை, மெத்தென்ற தரையில் வட்டமாக ஓடும்போது மட்டும் அடி குறுகும். அந்த லிகமென்ட்டின் மேல்நுனி எலும்புகளுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் விரலுக்கு எட்டாது. டாக்டர் குளம்பிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கி ஒவ்வொரு இடமாக மரத்துப்போகும் ஊசி போட்டு, சில நிமிடம் பொறுத்து, ஓட்டிப் பார்த்தார். எந்த ஊசிக்குப் பிறகு நொண்டல் மறைகிறதோ, வலி அந்தப் பகுதியில். எலும்பு முறிவுச் சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனை கூடாது. வலி தெரியாமல் ஊன்றி, விரிசல் முழு முறிவாகிவிடும். முன்காலில் இந்தக் காயம் ஓய்விலேயே பெரும்பாலும் தேறும். பின்காலில் ஓய்வு மட்டும் பல நேரம் போதாது. அதிர்வலைச் சிகிச்சை, சில குதிரைகளுக்கு நரம்பை வெட்டும் அறுவை என்று போக வேண்டிவரும். அந்தக் குதிரை மறுபடி ஆடவில்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடைபோடுகிறது.

செவலை ஓராண்டு தாண்டி வேலைக்குத் திரும்பியது. தழும்பான டெண்டன் பழைய டெண்டனின் நீட்சியைப் பெறுவதில்லை, மறுபடி கிழிவது மிகச் சாதாரணம் என்பதால் கேலப்பும் தாண்டலும் அதற்கு இனி இல்லை. இடது காலில் பின்புறம் கொஞ்சம் தடிப்பு நிரந்தரமாக நிற்கிறது. சூடில்லாமல் அழுத்தினால் வலிக்காமல் இருக்கிற பழைய தடிப்பு அது. அதன் அளவு எங்களுக்குத் தெரியும் என்பதால் புதிதாக ஏதாவது சேர்ந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வியாபாரி ஓட்டிக் காட்டுவதைப் பார்ப்பதற்கு முன், குதிரை நிற்கும்போதே குனிந்து காலைத் தொடுங்கள். கட்டு போட்டிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். முன்கால்களைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்புறக் கோடு நேராக இருக்க வேண்டும். முடி ஏதாவது ஓரிடத்தில் புதிதாக மழித்திருந்தாலோ, சூடு போட்ட தழும்பு இருந்தாலோ காரணம் கேளுங்கள். காலையிலேயே வலி மருந்து போட்டு நிறுத்தியிருந்தால் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஃபினைல்பியூட்டசோனின் வேலை ஒரு நாளைத் தாண்டியும் இருக்கும். முன்பணத்தை அவசரமாக நீட்டாமல், டாக்டரைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சரி என்கிற வியாபாரியிடம் பேரத்தைத் தொடரலாம்.